ஒன்பதாவது குவளை

"குடிச்சுத்தான் ஆகணும், நான் இவ்வளவு தூரம் ஏறி வந்து..."

"வேண்டாம்னா விடுங்களேன் மிஸ் வாஷ்டி, இப்பத்தான் சாப்பிட்டு..."

"பொய் சொல்லாதடா ஹோப்டா! உங்க வீட்டு அடுப்புல இன்னும் புகையே வரல. சனிக்கிழமை சூப்பை வேண்டாம்னு சொன்ன ஆம்பளையை இந்த மலையில நான் பார்த்ததே இல்ல."

வாஷ்டி வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். ஆற்றோரத்து வீட்டுக்காரி, உடம்பும் குரலும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல. ஒரு கையில் மூடி போட்ட பானை, மறு கையில் ஆவி பறக்கும் எனாமல் குவளை.

"எதுல செஞ்சது?" என்றான் ஹோப்டன்.

"இதென்ன கேள்வி? இறால்தான். புதுசாக் கல்யாணம் ஆனவனுக்கு இதைவிட என்னடா மருந்து? ஏ ஐசில்டா, உன் புருஷனுக்கு அதுக்குள்ள தெம்பு போயிருச்சா?"

உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்த ஐசில்டா சிரித்தாள். ஹோப்டன் சிரிக்கவில்லை.

வியாழக்கிழமை விடியலில், ஊருக்கு மேலே, ஆறு இரண்டு பாறைகளுக்கு நடுவே குறுகி விழும் இடத்தில் அவன் கவிழ்த்தது காப்பிச் செடிக்கு அடிக்கும் பூச்சி மருந்து. மயங்கி மிதந்த இறால்களைக் கூடை கூடையாக அள்ளி அன்றைக்கே கிங்ஸ்டன் நகரத்து ஓட்டலுக்கு ஏற்றி விட்டான். கைக்கு எட்டாமல் கீழே மிதந்து போனவற்றை அவன் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. இப்போது அவையல்லவா வாசலுக்கே வந்து நிற்கின்றன!

"ஆத்துல இறால் பிடிக்கிற எல்லார் வீட்டுக்கும் போயிட்டுத்தான் வர்றேன். எட்டுப் பேரும் ஒரே மடக்குல முடிச்சாங்க. நீ ஒருத்தன்தான் பாக்கி."

எட்டுப் பேரா! அவன் சரிவை எட்டிப் பார்த்தான். எந்த வீட்டிலும் அழுகுரல் இல்லை. எப்போது கிளம்புமோ?

குடித்தால் உயிருக்கு ஆபத்து. சொன்னால் ஊர் விடாது. ஊரே குடிப்பது அந்த ஆற்றைத்தான். முன்னால் வாஷ்டி, வீட்டுக்குப் பின்னால் கிடுகிடு பள்ளம்.

குவளைக்குள் பார்த்தான். கிழங்குத் துண்டு, ஒரு முழு மிளகாய், கொடுக்கு ஏதுமின்றி வழவழவென்று சுருண்டு கிடந்த நாலைந்து சிவப்பு இறால். அவனுக்கு மருந்து வாடை அடித்தது.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

"வயிறு... வயிறு சரியில்ல."

"உங்களுக்கு வேணாம்னா போங்க. இங்க ரெண்டு உசிருக்குப் பசிக்குது" என்று ஐசில்டா மாவுக் கையைப் பாவாடையில் துடைத்தபடி வந்து குவளையை வாங்கினாள். அவளுக்கு நாலாவது மாதம்.

குவளை உதட்டைத் தொட்டது.

ஹோப்டன் ஓங்கித் தட்டினான். குவளை படியில் உருண்டது. "குடிக்காதடி! அதுல மருந்து இருக்கு! ஆத்துல நான்தான்..."

அதற்குள் வேலிக்கு அப்பால் ஒவ்வொன்றாக எட்டுத் தலைகள் எழும்பின. ஐசில்டா வயிற்றைப் பிடித்துக்கொண்டு அவனையே பார்த்தாள்.

வாஷ்டி பானையைத் திறந்தாள். ஓர் இறாலை எடுத்து, ஊதி, வாயில் போட்டு நிதானமாக மென்றாள்.

"ஆத்து இறாலுக்குக் கொடுக்கு இருக்குமேடா! கடல் இறாலுடா இது, கிங்ஸ்டன் சந்தையில வாங்கினது. நம்ம ஆத்துலதான் ஒண்ணுகூட மிச்சமில்லையே?"