வாய்க்காலில் நின்ற நண்டு

ஏரிக்கரையில் மாடிக் கட்டடம் எழும்பத் தொடங்கியது. ஏரிக்கு ஏதும் ஆபத்து உண்டா என்று பார்த்துவர, தண்ணீரில் இருந்தவையெல்லாம் கூடிக் கொக்கை அனுப்பின. கொக்கு மேலேயே ஒரு வட்டமடித்துத் திரும்பி, "பயமொன்றும் இல்லை" என்றது.

நண்டுக்கு மனசு ஆறவில்லை. தானே ஊர்ந்து போய்ப் பார்த்தது. கலவை மிஷின் தன்னைக் கழுவிய சிமெண்ட் தண்ணீரை ஏரிக்குப் போகும் வாய்க்காலில் கொட்டிக்கொண்டிருந்தது. மிதித்த இடமெல்லாம் நண்டுக்குக் கால் எரிந்தது. அது வாய்க்காலின் நடுவில் போய் நின்று, இரண்டு கொடுக்கையும் தூக்கியது.

"தள்ளிப் போ. கொக்கே சரின்னு சொல்லிட்டுது" என்றது மிஷின்.

"இந்த ஏரி செத்தா கொக்கு அடுத்த ஏரிக்குப் பறந்துடும். என் குஞ்சுங்க எங்கே போகும்?"

"உன் மேலேயே கொட்டுவேன்."

"கொட்டு. நகர மாட்டேன்."

மிஷின் கொட்டியே விட்டது. நண்டின் ஓடு வெளுத்தது, கால்கள் தள்ளாடின. ஆனால் தூக்கிய கொடுக்கு இறங்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்த மிஷின், முனகியபடி வாயை மறுபக்கத்துப் பள்ளத்துக்குத் திருப்பியது.

"இப்போ போதுமா?"

"நாளைக்கும் வந்து பார்ப்பேன்" என்றது நண்டு.