தொடாமல் எடுத்த அளவு

"அங்கேயே வையும். கிட்ட வரவேண்டாம்."

கிளாக்கர் இராசநாயகத்தின் மனைவி குணேஸ்வரி வாசலிலேயே நிறுத்திவிட்டாள். தைத்து வந்த பாடியைப் படியில் வைத்தாள் றுகையா. பாடி என்ற உள்ளாடைச் சங்கதி அப்போதுதான் ரப்பர் தோட்டத்துப் பக்கம் எட்டிப் பார்த்திருந்தது. ஆம்பிளைத் தையற்காரனிடம் அதற்கு அளவு கொடுக்க யாருக்கு மனசு வரும்? அதனால் புளத்கொகுபிட்டியிலிருந்து றுகையாதான் மலையேறி வருவாள். குணேஸ்வரி பாடியை உள்ளே கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்துவிட்டு மறுபடி படியில் கொண்டுவந்து வைத்தாள்.

"எத்தின தரம் பிரிச்சுத் தைக்கிற நோனா? நீங்க தந்த பழைய பாடிய வெச்சுத்தானே வெட்டின?"

"ஒரு பக்கம் தொளதொளவெண்டு நிக்குது. கொண்டுபோய்ச் சரியாத் தைச்சுக்கொண்டு வாரும்."

பால் வாளியோடு வேலியோரம் நின்ற மரியாயி சிரித்தாள். "உங்கள எங்க தொட விடப்போறாங்க, அக்கா? கொழும்புக்குப் போயிட்டு வந்ததுலேர்ந்து ஒரு குஞ்சு குருவிய உள்ள சேக்கிறதில்ல. அம்புட்டு மண்டக்கனம்."

றுகையாவுக்குச் சுருக்கென்றது. தையல் சரியில்லை என்று பேச்சுக் கிளம்பினால் அவள் பிழைப்பு என்னாவது? பாடியை எடுத்துக்கொண்டு கேட்காமல் கொள்ளாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

"போட்டுக் காட்டுங்க. பாக்காம மலையிறங்க மாட்டேன்."

குணேஸ்வரி கத்துவாள் என்றுதான் நினைத்தாள். அவளோ சுவர்ப்பக்கம் திரும்பிப் பாடியைப் போட்டுக்கொண்டாள். திரும்பி நின்றபோது மார்பை மூடியிருந்த கை மெல்ல இறங்கியது.

இடது பக்கம் ஒன்றுமில்லை.

"கட்டியெண்டு கொழும்பிலை வெட்டி எடுத்துப்போட்டாங்கள். அளவுக்குத் தந்தது அதுக்கு முந்தினது. தங்கச்சியின்ரை கலியாணத்துக்கு ஊருக்குப் போகவேணும். எல்லாரும் என்னைப் பாவமெண்டு பாப்பினம். அதுதான் எனக்கு ஏலாது. இவரும் இப்ப பக்கத்திலை வாறேல்லை. நான் நல்லாத் தனிச்சுப்போனன், றுகையா."

றுகையா தலையணை ஓரத்தைப் பிரித்து இலவம் பஞ்சு எடுத்தாள். சின்னதாக ஒரு பை தைத்து, இடது பக்கத்தில் உள்ளே வைத்து, கையால் அழுத்தி அழுத்திப் பார்த்துத் தைத்தாள். நோகுதா, நோகுதா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தாள். இல்லை என்று தலையாட்டிய குணேஸ்வரிக்குக் கண்ணீர் நிற்கவில்லை.

கண்ணாடியில் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தது.

றுகையா வெளியே வந்தபோது மரியாயி காத்துக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா, இவ்வளவு நேரம்? அளவெடுக்க விட்டாங்களா?"

"எங்க புள்ள" என்றாள் றுகையா, உள்ளே கேட்கும்படி. "பெரிய எடத்துப் பொம்புள. கடைசி வரைக்கும் என்ட கைய மேல படவே விடல்ல."