பட்டன் அமுக்காத ஆட்டம்

அந்தப் பழைய கையடக்க வீடியோ கேம் பெட்டிக்கு உலகத்தில் விளையாட்டைத் தவிர வேறொன்றும் தெரியாது.

ஒருநாள் அதன் சொந்தக்காரி ரெஜினா கேம்களையெல்லாம் அழித்துவிட்டு, மெமரி கார்டில் பாட்டும் வீடியோவும் ஏற்றினாள். முதல் பாட்டைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

பெட்டி பதறிப்போனது. "அய்யோ, பட்டனைத் தொடவே மாட்டேங்கிறாளே! தோக்கப் போறா!"

"இது பாட்டு. இதுல தோக்கிறதுக்கு ஒண்ணுமில்ல. நீ பாட்டுக்குப் பாடு" என்றது மெமரி கார்டு.

அடுத்து ஒரு பழைய வீடியோ. ரெஜினாவின் மகள், கைக்குழந்தை, முதன்முதலாக நடக்கிறாள். இரண்டு எட்டு வைத்தாள். பொத்தென்று விழுந்தாள்.

"போச்சு, ஒரு லைஃப் போச்சு! சீக்கிரம் ஸ்டார்ட் பட்டனை அமுக்கச் சொல்லு!"

"கொஞ்சம் சும்மா இரேன்."

குழந்தை நாற்காலிக் காலைப் பிடித்து எழுந்தாள். சிரித்தாள். மறுபடி நடந்தாள்.

"யாருமே அமுக்கலையே, எப்படி எந்திரிச்சா?" என்று கேட்டது பெட்டி.

அன்றிலிருந்து தினமும் மத்தியானம் ரெஜினா அதே வீடியோவைப் போட்டாள். தினமும் குழந்தை விழுந்தாள், எழுந்தாள். பெட்டி இப்போதெல்லாம் கத்துவதில்லை. அவள் விழும்போது மட்டும் மூச்சைப் பிடித்துக்கொள்ளும்.

ஒருநாள் ஆசையை அடக்க முடியாமல் கேட்டுவிட்டது: "இதுக்கு அடுத்த லெவல் எங்க இருக்கு?"

"என்கிட்ட இல்ல" என்றது கார்டு. "அது சாயங்காலம் ஸ்கூல் வேன்ல வந்து இறங்கும்."