விடுதியில் ஓர் அறிவித்தல்

முத்துக்குளிப்பு நடந்த அந்த ஆண்டில், மன்னாரிலிருந்த கல்லூரி விடுதியின் பொறுப்பாளர் காஸ்பர் காலை அறிவித்தல்களை வாசித்தார்.

“பின்னேரம் மண்டபத்தில கூட்டமாம். சுழியோடியள் எடுக்கிற சிப்பியில அரசாங்கம் பெரும்பங்கு எடுக்கக் கூடாதாம். வெள்ளைக்காரனை எதிர்க்கிற அந்தக் கூட்டத்துக்குப் போறவனுக்கு இரவுச் சோறில்லை.”

“பேச வாறது ஆரெண்டு தெரியுமோ, சேர்?” என்று கேட்டான் மாணவன் சரிபுதீன்.

“ஆராயிருந்தா எனக்கென்ன? வாயை மூடு.”

பின்னேரம் விடுதியில் ஒருவரும் இல்லை. காஸ்பர் பிரம்பை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குள் புகுந்தார்.

மேடையில் பேசிக்கொண்டிருந்தவள், விடுதிச் சமையலைப் பார்க்கும் அவருடைய மனைவி அன்ரோனெற்.

“என்ர அண்ணன் அரிப்பு ஊர்க் கடலுக்குள்ள முத்துக்குளிக்கேக்க மூச்சடைச்சுச் செத்தவன். அண்டைக்கு அவன் அள்ளின சிப்பியிலயும் அரசாங்கம் தன்ர பங்கை எடுத்துக்கொண்டுதான் போனது. சவப்பெட்டிக்கு ஒருதரும் பங்கு தரேல்லை.”

“இறங்கடி கீழ,” என்றார் காஸ்பர்.

அவள் இறங்கவில்லை.

“சத்தம் போடாதையுங்கோ. வந்தனீங்கள், இருந்து கேளுங்கோ. குசினியைப் பூட்டிப்போட்டுத்தான் வந்தனான். இண்டைக்கு உங்களுக்கும் சோறில்லை.”