பேண்டு மாஸ்டரின் குறி

எவர்சில்வர் தம்ளர் பேரனின் புருவத்தைக் கிழித்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. ரத்தம் கண்ணுக்குள் இறங்கியது. பொடியன் அழவில்லை.

கையில் பெட்டியோடு உள்ளே வந்த அத்தை அப்படியே நின்றுவிட்டாள். "அப்பாவுக்குப் புத்துநோய் முத்திப்போச்சு. மருந்து ஏத்தினதிலேருந்து கட்டையாக் கிடக்கிறாரு. வந்து முகத்தைப் பாத்துட்டுப் போ" என்று அண்ணன் சொல்லித்தான் வந்திருந்தாள். கட்டை தம்ளர் வீசுகிறது.

கட்டிலில் கிழவர் இரைத்தார். கழுத்துத் துளையில் பொருத்திய குழாய் விசிலடித்தது. நாற்பது வருடம் பேண்டு மாஸ்டராக இருந்தவர். குரல் போய்விட்டது. கை போகவில்லை.

அத்தையின் இடது மோதிர விரல் நிமிராது. எட்டு வயதில் ஒரே ஒரு சுரம் தவறியதற்கு, தாளம் காட்டும் கோலால் அவர் உடைத்த விரல். அதன் பிறகு அவள் எந்த வாத்தியத்தையும் தொட்டதில்லை.

"நிறுத்துடி வாசிக்கிறதை!" அத்தை கத்தினாள்.

கீபோர்டின் முன்னால் இருந்த அண்ணன் மகள் நிறுத்தவில்லை. ஒன்பது வயது. அதே மெட்டை முதலிலிருந்து எடுத்தாள். அதே இடத்தில், அதே சுரத்தில் தவறினாள். கிழவரின் கை கட்டில் விளிம்பைத் துழாவியது.

பொடியன் ஓடிப்போய்த் தம்ளரைப் பொறுக்கினான். தாத்தாவின் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டு, பழைய இடத்திலேயே வந்து நின்றான்.

"அடி வாங்கி அடி வாங்கிப் புத்தி பேதலிச்சுப் போச்சாடா உனக்கு?"

தம்ளர் மறுபடி பறந்தது. அத்தை குறுக்கே பாய்ந்தாள். தோள் எலும்பில் நங்கென்று விழுந்தது. வலி தெரியவில்லை. ஒரே எட்டில் கட்டிலுக்குப் போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அம்மாவை அடிச்சே. என் விரலை ஒடிச்சே. சாகக் கிடக்கிறப்பவும் திமிர் அடங்கலையா உனக்கு?"

மணிக்கட்டு சுள்ளியாக இருந்தது. முறுக்கினாள். கிழவரின் வாய் சத்தமில்லாமல் திறந்தது.

"விடுங்கத்தை! தாத்தாவ விடுங்க!" பொடியன் அவள் கையைக் கடித்தான். பல் பதிந்தது.

அவனை உதறிவிட்டு அவள் கீபோர்டைப் பிடுங்கினாள். தரையில் அடித்துச் சுக்குநூறாக்குவதற்காகத் தலைக்கு மேல் தூக்கினாள்.

"உடைச்சுடாதீங்கத்தை!" சிறுமி அவள் காலைக் கட்டிக்கொண்டாள். "சரியா வாசிக்கிறேன். ஒரு தடவ கேளுங்க."

அத்தை மெல்ல இறக்கிவைத்தாள். "எங்கே, வாசி."

சிறுமி தம்பியைப் பார்த்தாள். அவன் வேண்டாம் என்று தலையாட்டினான். அவள் வாசித்தாள்.

மெட்டு தொடக்கத்திலிருந்து முடிவு வரை எண்ணெய் ஒழுகுவதுபோல் வந்தது. ஒரு சுரம் பிசகவில்லை. கிழவரின் விரல்கள் விரிந்தன. கை கட்டிலிலிருந்து நழுவித் தொங்கியது. இமைகள் மூடின. குழாயின் விசில் தேய்ந்து, கேட்கிறதா இல்லையா என்று ஆனது.

"இவ்வளவு சுத்தமா வருதுல்ல?" அத்தை முந்தானையால் பொடியனின் ரத்தத்தை ஒற்றினாள். "அப்புறம் எதுக்குடா தப்புத் தப்பா வாசிச்சு மண்டைய உடைச்சுக்கிறீங்க?"

பொடியன் அவள் கையைத் தட்டிவிட்டான். அசையாமல் கிடந்த தாத்தாவையே பார்த்துக்கொண்டு சொன்னான்:

"தப்பா வாசிச்சாத்தான் அத்தை, தாத்தா பொழைச்சுக்குவாரு."