இரண்டு விரற்கடைக் குளிர்ச்சி

மெர்டேக்கா எனும் சுதந்திர தினத்துக்கான கொடிகள் காஜா பெராங் சாலையோரம் மாலை வெயிலில் படபடக்கின்றன. விஜயாவின் சுட்ட மீன் கடையில், கேஸ் அடுப்பின் கம்பிகள்மேல் கானாங்கெளுத்தி மீன்கள் அரைவேக்காட்டில் கிடக்கின்றன. கேஸ் தீர்ந்துவிடுமோ என்று அவளே சுடரைக் குறைத்து வைத்திருக்கிறாள். இன்று பாதியில் அணைந்தால், நாளை முதல் பழையபடி கரியடுப்புதான் என்பது வீட்டாரின் முடிவு. கணவரின் அண்ணன் கலியாணசுந்தரம் இப்போதே கரிமூட்டையோடு வந்து நிற்கிறார். "அலாமாக், நெருப்பு சாகுதே! பேசாம கரிய மூட்டும்மா." விஜயா கெண்டியை எடுத்து, கேஸ் தோங்கு எனும் இரும்பு உருளையின் பக்கவாட்டில் வெந்நீரை வார்க்கிறாள். ஆவி எழுகிறது. நனைந்த இரும்பின்மேல் உள்ளங்கையை வைத்து மேலிருந்து மெல்ல இறக்குகிறாள். உள்ளே கேஸ் திரவமாக மிஞ்சியிருக்கும் மட்டம் மட்டுமே குளிரும். சூடு, சூடு, இன்னும் சூடு. அடிவிளிம்பை நெருங்குகையில் விரல்கள் சில்லிடுகின்றன. "எவ்வளவு இருக்கு?" என்கிறார் அவர். "ரெண்டு விரக்கடை, மாமா. இன்னிக்குத் தாராளம்." "அத வெச்சு ஊருக்கே மீன் சுடப்போறியாக்கும்!" அவள் கரிமூட்டையை அவர் பக்கம் இழுத்துப் போட்டு, முந்தானையால் மரியாதையாகத் தூசி தட்டுகிறாள். "உக்காருங்க மாமா. மொத மீனு ஒங்களுக்குத்தான்." பிறகு அடுப்பின் குமிழை முழுவதுமாகத் திருகுகிறாள். நீலச் சுடர் கம்பிகளைத் தாண்டி எழுகிறது.