நாலு ஜக், ஒரே டீ

நாலு ஜக்கிலும் ஒரே டீயை ஊற்றி முடித்தபோது கோரலிக்கு மனசு ஜில்லென்று இருந்தது.

"இன்னிக்கு மாட்டினா மெர்ல்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

முர்ரே ஆற்றங்கரையில், பெண்கள் சங்க ஹாலின் சமையலறை. வெளியே ஜனவரி வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது; அந்தப் பக்கத்தில் அதுதான் கோடை. அடுத்த சனிக்கிழமை படகுப் போட்டி. அன்றைக்குச் சங்கக் கடையில் யார் போட்ட பழ டீயை ஐஸ் போட்டு விற்பது என்பதை மெர்ல்தான் ருசி பார்த்துச் சொல்வாள். வருஷக்கணக்காக அவள்தான். அந்த நாற்காலி மேல் கோரலிக்கு ஒரு கண்.

இத்தனைக்கும் இரண்டு பேரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. ஆசைக்கு அதெல்லாம் எங்கே தெரிகிறது?

போன குளிர்காலம் காய்ச்சலில் படுத்து எழுந்ததிலிருந்து மெர்லுக்கு நாக்கு செத்துப் போச்சு என்பது கோரலியின் கட்சி. சங்கத்துப் பெவ் கொண்டுவந்த கருகின கேக்கை, "நல்லாத்தான் இருக்கு பெவ்" என்று இரண்டு துண்டு சாப்பிட்டாளே, அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

இந்தத் தடவை நாலு பேர் டீ. எது யாருடையது என்று மெர்லுக்குத் தெரியக்கூடாது. அதனால் சமையலறை முறைக்காரி எல்லாவற்றையும் ஒரே மாதிரி ஜக்குகளில் ஊற்றி நம்பர் ஒட்டுவது வழக்கம். இன்றைக்கு முறை கோரலிக்கு. மற்ற மூன்று பேரின் பாட்டில்களையும் பின்னறை ஃப்ரிட்ஜில் ஒளித்துவிட்டாள். கைக்கு வந்தது அவள் போட்ட டீ, பெரிய பாத்திரம் நிறைய இருந்தது. அதையே நாலிலும் ஊற்றினாள். எல்லாரும் செம்பருத்தி போடுகிறவர்கள்தான், நிறத்தை வைத்து யாரும் கண்டுபிடிக்க முடியாது.

ஹாலில் மின்விசிறி அசதியாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியாக வந்த வெயில் ஜக்குகளுக்குள் புகுந்து, மேஜை விரிப்பில் சிவப்பாக ஆடியது. பாதிப் பேர் கண்ணைச் செருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மெர்ல் கண்ணை மூடிக்கொண்டு முதல் ஜக்கிலிருந்து ஒரு வாய் குடித்தாள். சட்டென்று கண்ணைத் திறந்து பார்த்தாள். மறுபடி மூடிக்கொண்டாள்.

"மழை விட்ட மறுநாள் காலையில ரோஜாச் செடிகிட்டப் போய் நின்னா ஒரு வாசனை வருமே, அது."

இரண்டாவது ஜக். கொஞ்ச நேரம் வாயிலேயே வைத்திருந்தாள்.

"பீச் பழத்தை அறுத்துக் காயவெச்சிருக்காங்க. தகரக் கூரைமேல. வெயில் இறங்கியாச்சு, இன்னும் யாரும் எடுக்க வரலை."

ஹாலே கிறங்கிப்போய்க் கேட்டது. எங்கேயோ ஒரு கிளி கத்தியதுகூட வேறு ஊரில் கத்துவது போலிருந்தது.

மூன்றாவது ஜக்.

"இது சாயங்கால ஆறு. தண்ணியில காலை விட்டுட்டு உக்காந்திருக்கோம். வீட்டுக்குப் போக மனசில்லை."

ஒரு நிமிஷம் கோரலியே அந்த ஆற்றங்கரைக்குப் போய்விட்டாள். காலில் சேறு, கையில் பாதி பீச். மீதிப் பாதி பக்கத்திலிருந்த மெர்ல் கையில். சே, என்ன இது என்று தலையை உதறிக்கொண்டு திரும்பி வந்தாள்.

அடிப்பாவி, ஒரே டீக்கு என்னமா அளக்கிறாள்!

நாலாவது ஜக்கைக் குடித்துவிட்டு மெர்ல் மெல்லச் சிரித்தாள். "இதைப் போட்டவ ரொம்ப ஆசையா போட்டிருக்கா."

"அப்ப எது ஜெயிச்சுது?" என்றாள் பெவ்.

"அவசரப்படாதே. ஐஸ் கரைஞ்சா நல்ல டீகூட நீர்த்துப்போகும். ஐஸ் போட்டு இன்னொரு தடவை பாத்துட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் யாரும் தொடாதீங்க."

தெரியாதவள் தப்பிக்கிற வழி! கோரலி எழுந்து நின்றாள்.

"ஒரு நிமிஷம். எல்லார் முன்னாடியும் நான் ஒண்ணு சொல்லணும்."

"அப்புறம் சொல்லலாம்" என்றாள் மெர்ல். "முதல்ல ரெண்டு ஜக்கைப் பிடி. ஐஸ் உள்ளதானே இருக்கு?"

இரண்டு ஜக்குகளைக் கோரலியின் கையில் திணித்து, மற்ற இரண்டையும் தானே தூக்கிக்கொண்டு சமையலறைக்கு நடந்தாள். வேறு வழியில்லாமல் கோரலியும் பின்னால் போனாள். சரி, தனியாகவே கிழித்துவிட்டு அப்புறம் ஊருக்குச் சொல்லலாம்.

மெர்ல் காலாலேயே கதவைச் சாத்தினாள்.

"மெர்ல், உன் நாக்கு..."

"மெதுவாப் பேசு" என்றாள் மெர்ல். "மத்த மூணு பாட்டிலும் எங்கடி?"

கோரலியின் கண் பின்னறைப் பக்கம் போனது.

மெர்லே போய் எடுத்து வந்தாள். மூன்று ஜக்குகளைக் கொட்டிக் கழுவி, பாட்டில்களைத் திறந்து ஊற்ற ஆரம்பித்தாள்.

"முதல் வாயிலேயே தெரிஞ்சுபோச்சு. எலுமிச்சை மணக்கற மிர்ட்டில் இலையை டீயில போடறது இந்த ஊர்ல நீ ஒருத்திதான். நாலும் உன்னுதுன்னு நான் வாயைத் திறந்திருந்தா, ஜெயிக்கறதுக்காகக் கோரலி திருட்டுத்தனம் பண்ணிட்டான்னு சாகற வரைக்கும் சொல்லிக் காட்டியிருப்பாங்க. எதிர எத்தனை பேர் பாத்தியா? ஆசை யாருக்கில்லை, விடு."

ஜெயிக்க இல்லை மெர்ல், உன்னை அசிங்கப்படுத்த என்று சொல்லக் கோரலிக்கு நாக்கு எழவில்லை. திருடி என்று அவள் நினைத்துக்கொண்டதே எவ்வளவோ மேல்.

"ஆனா அங்க... நாலுக்கும் நாலு கதை சொன்னியே..." என்று இழுத்தாள் கோரலி.

மெர்ல் கடைசி ஜக்கில் ஐஸைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

"எனக்குப் பொய் சொல்ல வராதுன்னு உனக்குத் தெரியாதா? நாலு தடவையும் உன் டீ எப்படி இருந்துச்சுன்னுதான் சொன்னேன்."